சொல்லைக் காத்த ஆசான்



தஞ்சைச் சிவகங்கைக் குளத்தின் அருகே, சின்னக் கோட்டைக்குள், ஒரு பழைய கிறித்துவக் கோயில் இருக்கிறது. பெரிய கோயிலின் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து வருகிற கண்களுக்கு அது தென்படுவதே அரிது. அதனுள் வெண்பளிங்கில் செதுக்கிய சிற்பம் ஒன்று உண்டு. கட்டிலில் முதியவர் ஒருவர் சாய்ந்திருக்கிறார். மராத்திய உடையணிந்த இளம் அரசன் குனிந்து அவர் கையைப் பற்றியிருக்கிறான். தலைமாட்டில் ஒரு குருவானவர் நிற்கிறார். கால்மாட்டில் பள்ளிப் பிள்ளைகள் மூவர். முதியவர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு ஐயர். அரசன் இரண்டாம் சரபோசி. குருவானவர், ஐயரின் திருப்பணித் தோழர் கெரிக்கே ஐயர்.

புலவர் அவையில் சமயத் தொண்டர் ஒருவரை நினைவுகூர்வது ஏன் என்னும் வினா எழலாம். சுவார்ட்சு ஐயர் காப்பியம் பாடியவர் அல்லர். அகராதி தொகுத்தவரும் அல்லர். சீகன்பால்கு ஐயர்க்கு அச்சுக்கூடம் உண்டு, வீரமாமுனிவர்க்குத் தேம்பாவணி உண்டு, பப்பிரிசியு ஐயர்க்குத் திருமறை மொழிபெயர்ப்பு உண்டு. இலக்கிய வரலாற்று நூல்களில் சுவார்ட்சு ஐயர்க்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. அவர் விட்டுச் சென்றவை இரண்டு: ஒன்று, நாணயத்தைப் போல் செல்லுபடியான தம் சொல், மற்றொன்று, தம்மிடம் வளர்ந்த இரு பிள்ளைகள். அப்பிள்ளைகளுள் ஒருவர் தஞ்சையின் அரசரானார். மற்றவர் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாத்திரியார். புலவர்க்குத் தொழிற்கருவி சொல்லே ஆதலின், சொல்லைக் காத்த ஒருவரைப் பற்றிப் பேச இந்த அவையைவிடத் தக்க இடம் வேறில்லை.

சுவார்ட்சு ஐயர் 1726-இல் பிரசிய நாட்டின் சோனன்பர்க்கு என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. ஆலே பல்கலைக்கழகத்தில் பயிலும்போது, தமிழகத்திலிருந்து திரும்பிச் சென்றிருந்த சூல்ச்சு ஐயரின் தமிழ்த் திருமறைப் பதிப்பு முயற்சிக்குத் துணை செய்வதற்காகத் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சுப் பிழை திருத்தத் தொடங்கிய தமிழ்! கடலைக் கடப்பதற்கு முன்பே எழுத்து கைவந்திருந்தது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சில மாதங்களிலேயே, சீகன்பால்கு ஐயர் எழுப்பிய எருசலேம் ஆலயத்தில் தமிழிலேயே அருளுரை ஆற்றினார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினார் அல்லர். மணம் செய்துகொள்ளவுமில்லை. தமிழோடு மராத்தியும் பாரசீகமும் இந்துத்தானியும் போர்த்துகீசும் அவருக்கு வாய்த்தன.

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த வாழ்வை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பழங்கட்டடம் ஒன்றில் கட்டில் போட்டால் ஆள் நிற்க மட்டும் இடமுள்ள அறை. இந்நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே அங்கி. பட்டாளத்துக் குருவானவர்கள் பல்லக்கில் சென்ற காலம் அது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெளிமையின் பொருள் விளங்கும்.

இனிச் சொல்லின் விலையைப் பார்க்கலாம். 1779-இல் சென்னை ஆட்சியாளர் சுவார்ட்சு ஐயரைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினர். ஐதர் அலியின் மனக்கருத்தை அறிந்துவருவதே தூதின் நோக்கம். கும்பினியாரின் ஒப்பந்தங்களை ஐதர் பலமுறை பார்த்துவிட்டவர். அவற்றுள் எத்தனை நிலைத்தன என்பதும் அவர் அறிந்ததே. ஆயினும் இந்தப் பாதிரியாரை அவர் மதிப்புடன் வரவேற்றார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் அத்தொகையைச் சென்னை ஆட்சியாளரிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். தூது பயன் தரவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. ஆனால் ஐதரின் படை சோழநாட்டைச் சூறையாடிய நாள்களிலும், இந்தப் பாதிரியாரை எவரும் தடுக்கலாகாது என்று ஆணை இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

அப்போர்க்காலத்தில் நடந்த ஒன்று, வரலாற்றைவிடக் கதையை ஒத்தது. தஞ்சைக் கோட்டைக்குள் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. ஊர்ப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடுகளும் உண்மையில் இல்லாமற் போகவில்லை. உழவர்கள் அவற்றைத் தரவில்லை. முன்பு வண்டியும் மாடும் நெல்லும் கொண்ட அரண்மனையாரும் கும்பினியாரும் அவற்றுக்குரிய பணத்தைக் கொடுத்ததில்லை. ஒருமுறை ஏமாந்த உழவர் மறுமுறை எப்படி நம்புவர்? அரண்மனையே வாய்விட்டு ஒப்புக்கொண்டது: தங்களுள் எவர் சொல்லும் இனி எடுபடாது, பாதிரியார் சொல்லையாவது மக்கள் ஏற்கிறார்களா பார்க்கலாம் என்று. ஐயர் ஊர்ப் பெரியவர்களுக்கு ஓலை போக்கினார். வரும் மாட்டுக்கும் ஆளுக்கும் தம் கையாலேயே கூலி கொடுப்பதாக அதில் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் கோட்டைக்குள் சேர்ந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவராக அழைத்துக் கணக்குத் தீர்த்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார்.

அரசின் முத்திரைக்குக் கிடைக்காத நம்பிக்கை, அரசுரிமை ஏதுமில்லாத அயல்நாட்டார் ஒருவரின் ஓலைக்குக் கிடைத்தது. அவ்வுழவர்களுள் மிகப்பெரும்பாலோர் அவர் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது.

இத்தகைய சொல்லுக்கும் ஒருமுறை அடி சறுக்கியது. 1787-இல் துளசா மன்னர் இறக்கும் தறுவாயில் இருந்தார். பெற்ற பிள்ளைகளை எல்லாம் இழந்து, சரபோசி என்னும் சிறுவனைத் தத்தெடுத்திருந்தார். சுவார்ட்சு ஐயரை அழைத்து, இப்பிள்ளையை உம் கையில் ஒப்படைக்கிறேன், இனி நீரே தந்தை என்னும் கருத்துப்படப் பேசினார். ஐயர் தயங்கினார். நாடு ஆள்வது திருப்பணியாளர் வேலையன்று. தாம் எப்போதோ ஒருமுறை வந்து குழந்தையைப் பார்க்க இயலுமேயன்றி, அரண்மனைச் சூழ்ச்சிகளிலிருந்து காக்க இயலாது என்றார். மன்னரின் தம்பி அமரசிங்கரைக் காப்பாளராக்கலாம் என்று கருத்துரைத்தார். அறிவுக்குப் பொருந்திய கருத்துத்தான். அதன் விளைவு வேறாக இருந்தது. துளசா மறைந்தபின் தத்து செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அமரசிங்கர் அரியணை ஏறினார். சிறுவன் இருளறையில் அடைபட்டான். எழுத்தறிவுக்கும் வழி மறுக்கப்பட்டது.

தம் அறிவுரையின் விளைவை ஐயர் கண்டார். அதிலிருந்து அவர் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகள் அந்தச் சிறுவனுக்காகவே கழிந்தன என்றால் பெரிதும் மிகையாகாது. சென்னைக்கு விண்ணப்பங்கள் எழுதினார். சிறையின் நிலையை எடுத்துக்காட்டினார். கல்வி கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1793-இல் சரபோசியும் துளசாவின் அரசியரும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அங்கே கெரிக்கே ஐயர் சிறுவனின் கல்வியைக் கவனித்தார். ஒரு நண்பர் தொடங்கியதை மற்றொரு நண்பர் தொடர்ந்தார். தத்து முறையானதே என்று சாத்திரம் வல்லோர் மறுபடி ஆராய்ந்து சொல்வதற்கு ஐயரின் இடைவிடாத முயற்சியும் காரணம். பிறர் செய்த தவற்றுக்குப் பரிந்து பேசுவோர் பலர். தாம் நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு சொல் பிள்ளை ஒன்றன் வாழ்வைக் கெடுத்ததற்குப் பத்தாண்டுகள் உழைத்து ஈடு செய்தவர் சிலர்.

மற்றொரு பிள்ளையின் கதை தெற்கே தொடங்குகிறது. 1785-இல் ஐயர் பாளையங்கோட்டை சென்றார். கிளாரிந்தா அம்மையார் கட்டிய கோயிலை அர்ப்பணம் செய்தது அப்போதுதான். அங்கே தேவசகாயம் என்பாரின் மகனாகிய பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்டார். பிள்ளையின் கூர்மை அவரை ஈர்த்தது. தம்முடன் அனுப்புமாறு தந்தையைக் கேட்டு, தஞ்சைக்கு அழைத்து வந்தார். பின்னர்த் தரங்கம்பாடியில் இறையியல் பயில வைத்தார். வேதநாயகருக்கு வயது 19 ஆனபோது தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பையே அவர் கையில் கொடுத்தார். அவ்வயது இளைஞனை நம்பிப் பள்ளியை ஒப்படைக்கும் துணிவு இன்றும் எளிதில் காணக்கூடியதன்று.

ஐயரின் கைப்பட வளர்ந்த மற்றொருவரைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். சத்தியநாதன் என்னும் தமிழ்த் தொண்டர் 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அவர் தமிழில் ஆற்றிய அருளுரை ஆங்கிலமாக்கப்பட்டு இங்கிலாந்தில் அச்சேறியது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சமய உரைகள் கடல்கடந்து வந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ் அருளுரை ஒன்று எதிர்த்திசையில் சென்றது! இதனைத் தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை.

1798 பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் மாலை சுவார்ட்சு ஐயர் காலமானார். தமிழ் உடன்ஊழியர்களின் கைகளில் சாய்ந்தபடியே உயிர் பிரிந்தது. அவர் வளர்ப்பு மகனைப்போல் வளர்த்த கோலாப் ஐயரும், நண்பர் கெரிக்கே ஐயரும் உடனிருந்தனர். மறுநாள் அடக்கம். உடலைத் தூக்கிச் செல்லும்போது பாடல் பாடுவதாக ஏற்பாடு. தோட்டத்தில் திரண்ட ஏழை மக்களின் அழுகுரலில் அப்பாட்டு எழவே இல்லை. பேழையை மூடுமுன் முகத்தைக் காணச் சரபோசி வந்தார். கண்ணீர் விட்டார், பொன்னாடை போர்த்தினார், கல்லறைவரை நடந்தார். அப்போது அவர் அரசரல்லர், இருபது வயது இளைஞர். அவர் அரியணை ஏறியது அதன்பின் நான்கு திங்கள் கழித்து, சூன் இறுதியில். எந்த நாளுக்காக ஐயர் பத்தாண்டு உழைத்தாரோ அந்த நாளைக் காணாமலேயே போனார்.

மாணாக்கர் இருவரும் ஆசானுக்குச் செய்த சிறப்பு இனிக் கருதத்தக்கது.

அரசர் செய்தது கல்லில். 1801-இல் இலண்டன் கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகத்துக்குக் கடிதம் எழுதி, தம் செலவில் பளிங்கு நினைவுச்சின்னம் செய்தனுப்புமாறு கேட்டார். ஆங்கிலச் சிற்பி சான் பிளாக்சுமன் செதுக்கினார். தஞ்சையை அவர் கண்டதே இல்லை. தொடக்கத்தில் சொன்ன சிற்பம் அதுவே. அதனோடு அரசர் அமையவில்லை. கல்லறைமேல் பொறிப்பதற்கு ஆங்கிலத்தில் தாமே ஒரு சிறு செய்யுள் யாத்தார். அதில் ஐயரைத் தந்தை என்று விளிக்கிறார்; தம்மை அவருக்குரியவராகவே குறித்து முடிக்கிறார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அரசர், செருமானியர் ஒருவருக்காக, தமிழ் மண்ணில், ஆங்கிலத்தில் பாடிய கையறுநிலை அது. யாப்பில் குறை காண்போர் காணலாம். ஆயினும் பாரி மறைந்தபின் கபிலர் பாடியதற்கும் இதற்கும் உள்ள உறவைப் புறநானூறு பயின்றோர் உணர்வர். அங்கே புலவன் அரசனுக்குப் பாடினான். இங்கே அரசன் ஆசானுக்குப் பாடினான்.

இதில் ஒன்றைக் குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. சரபோசி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். ஐயரும் அன்பை அதற்கு விலையாகக் கேட்டாரல்லர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த கை, கண் மருத்துவக் குறிப்புகளைச் சித்திரங்களோடு எழுதுவித்த கை, ஏழைக் கிறித்துவப் பிள்ளைகளுக்கெனக் கண்ணந்தங்குடியில் அறநிலையமும் வைத்தது. மகனாக வளர்த்தலும் தம்மைப்போல் ஆக்குதலும் வேறு வேறு என்பதை இருவருமே அறிந்திருந்தனர்.

புலவர் செய்தது சொல்லில். 1800-ஐ ஒட்டி வேதநாயக சாத்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். உலாவரும் தலைவன், காமுறும் தலைவி, குறிசொல்லும் குறத்தி, அவளைத் தேடிவரும் சிங்கன் என்னும் குறவஞ்சிக் கட்டமைப்பு முழுதும் அப்படியே இருக்கிறது. தலைவன் பெத்லகேம் நாதர், தலைவி தேவமோகினி, சிங்கனின் பறவை வேட்டை ஆன்மாக்களைத் தேடும் அருட்பணியாகிறது. அதே தஞ்சையில், அதே அரசர் காலத்தில், கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபால குறவஞ்சி பாடினார். அது பெரிய கோயிலில் நடிக்கப்பட்டது. ஓர் ஊரில், ஓர் அரசர் நிழலில், இரு குறவஞ்சிகள்! இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்பிக்கும் வகுப்பறைகள் மிகச் சிலவே. குறை மாணவரிடத்து இல்லை.

குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளமும் நாட்டுவளமும் கூறுவது மரபு. சாத்திரியாரின் நூலிலோ நிலவுலகின் கண்டங்களும் நாடுகளும் வருகின்றன. கோள்களின் இயக்கம் குறித்த புதிய வானநூல் அறிவும் இடம்பெறுகிறது. பள்ளியில் பூகோளமும் கணிதமும் கற்பித்த தலைமையாசிரியர், தம் பாடத்தைச் சந்தத்தில் ஏற்றினார். ஆசான் தந்த கல்வி மாணாக்கரின் பாட்டில் கலந்துள்ள இடம் இதுவே. புகழ்ப்பாட்டு ஒன்று தனியே பாடியிருந்தால்கூட இவ்வளவு சிறப்பாக அமைந்திராது.

இவ்வளவில் பேச்சை நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நினைவேந்தல் என்பது மெய்யை மறைப்பதற்கன்று.

1820-களில் தஞ்சைக்குப் புதிய தலைமுறைத் திருப்பணியாளர் வந்தனர். அவர்களுடைய மாற்றங்களை எதிர்த்து 1829-இல் சாத்திரியார் எழுதினார். நான்கு கொடுமைகள் நடப்பதாக முறையிட்டார். பப்பிரிசியு ஐயரின் திருமறை மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. திருநாள்களில் மலர்களை விலக்குவது ஒன்று. தமிழ்ப் பாட்டையும் இசையையும் கோயிலில் தடுப்பது ஒன்று. இம்மூன்றிலும் புலவர் உலகம் சாத்திரியார் பக்கமே நிற்கும். நான்காவது, கோயிலுக்குள் சாதி வேறுபாடு பாராமல் ஒன்றாக இருத்தி வைப்பது. அதையும் அவர் கொடுமை என்றே எழுதினார். வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மறுபுறமும் அமரும் பழைய முறையைக் காக்க, பழைய ஐயர்மாரைச் சான்றுக்கு அழைத்தார். அந்த ஐயர்மாருள் சுவார்ட்சு ஐயரும் ஒருவர்.

சான்று பொய்யன்று. சுவார்ட்சு ஐயர் சாதியைப் போற்றியவர் அல்லர். ஆனால் வற்புறுத்திக் கலைக்கவும் முனையவில்லை. வேறுபாடு நாளடைவில் தானே தேயும் என்று கருதினார். நாளடைவில் அது தேயவில்லை. அவர் மறைந்து ஒரு தலைமுறைக்குப் பின், அவர் பேசாதிருந்ததே வேற்றுமைக்கு அரணாயிற்று. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றிலும் கைவிடுமாறு சுற்றுமடல் விடுத்தார். 1835-இல் தஞ்சைக்கு வந்தபோது பலர் கோயிலை விட்டே விலகி நின்றனர். இருளறையில் கிடந்த சிறுவனுக்காகப் பத்தாண்டு எழுதிய கை, கோயிலின் மறுபுறத்தில் அமர்த்தப்பட்டவர்க்காக ஓர் ஓலை எழுதியிருக்கலாம். உழவர் அவர் ஓலையை நம்பியதுபோல் சபையாரும் நம்பியிருப்பர். ஐயரின் சொல்லுக்கு இருந்த வலிமை தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் குறை பெரிதாகத் தோன்றும்.

சாத்திரியார் 1864-இல், ஏறத்தாழத் தொண்ணூறாவது வயதில், காலமானார். ஆசான் மறைந்தபின் அறுபத்தாறு ஆண்டுகள் பாடினார். சாத்திரக் கும்மியில் மூடப்பழக்கங்களைச் சாடியவரும் அவரே. 1829-இன் முறையீட்டை எழுதியவரும் அவரே. அவர் கீர்த்தனைகள் தமிழ்க் கிறித்துவக் கோயில்களில் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றைப் பாடுவோருள், அவர் எந்தப் புறத்தில் அமரவேண்டும் என்று சொன்னாரோ அந்தப் புறத்தாரின் வழிவந்தோரும் உள்ளனர். இனிய குரல்கள் அங்கிருந்தும் எழுகின்றன.

சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்திலும் சுவார்ட்சு ஐயர்க்குக் கும்பினியார் வைத்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. பெரியது, வேலைப்பாடு மிக்கது. கணக்குத் தீர்க்காத கும்பினியார், தீர்த்தவருக்கு எடுத்த கல் அது. ஐயரைக் காண விரும்புவோர் தஞ்சைக்கே செல்லுதல் நலம். கல்லறை புனித பேதுரு ஆலயத்தில். பளிங்குச் சிற்பம் சின்னக் கோட்டைக் கோயிலில். பளிங்கில் வேதநாயகர் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் மூவரும் இருக்கிறார்கள். அவர்களும் அரசரும் குருவானவரும் ஒரே கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.